ரசம் சிந்தாத பூங்கா

போன மாதம் நித்யா போன் செய்தாள். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த நகரமைப்பு அலுவலகத்தில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். நாற்காலி என்றால் அதே நாற்காலி. கை வைக்கும் இடத்தில் இந்தியன் இங்க் கறை இன்னும் இருக்கிறதாம்.

"மேடம், புது சாப்ட்வேர் வந்திருக்கு. சர்வே நம்பரைப் போட்டா போதும், மலைச்சரிவு எல்லாம் கலர் கலரா காட்டுது. சிவப்புன்னா செங்குத்து, பச்சைன்னா சமதரை. உங்க காலத்துல இதுக்கு என்ன வெச்சிருந்தீங்க?"

"ரசம்" என்றேன்.

ரிட்டயர் ஆனதும் மேடத்துக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்திருப்பாள். பிறகு மெல்ல இன்னொன்று கேட்டாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், ஒரு குன்றின் அடியில் இருக்கும் மனைப்பிரிவில், நட்டநடுவே, பூங்கா என்று குறித்து, ஒரு பெரிய பச்சைக் கட்டம் தெரிகிறது. சுற்றிலும் சதுர அடி என்ன விலை போகிறது! அந்த இடத்தை எந்தப் புண்ணியவான் பூங்காவுக்கு விட்டான்?

போனில் சொன்னால் ஆறிப்போகும், எழுதியே தருகிறேன் என்றேன். இதோ.

நான் கும்பகோணத்துக்காரி. மலை என்றால் சுவாமிமலை, அதுவும் கட்டுமலை. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, தேர்வு எழுதி வரைவாளர் வேலைக்கு வந்தேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. அவருடைய பஸ் காலையில் ஒரு பக்கம் போகும், நான் இன்னொரு பக்கம் போவேன். அலுவலகத்தில் அப்போது டிரேசிங் துணி, மைப்பேனா, பிரிண்ட் எடுக்கும் அறையில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா. வரைவுப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். முதல் வருஷம் முழுக்கக் கோடு போட்டேன். அடுத்த வருஷம் மற்றவர்கள் போட்ட கோட்டில் தப்பு கண்டுபிடித்தேன். அதன் பிறகு என்னை யாரும் "அம்மா, நீங்க ஆபீஸ்லயே இருங்க" என்று சொல்லவில்லை, ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனைப்பிரிவு கோப்புகள் மெலிசாக இருக்கும். ரயில் பாதையை ஒட்டிக் கொஞ்சம் மனை, பெரிய சாலையை ஒட்டிக் கொஞ்சம். பிறகு ஒரு பக்கம் தொழிற்சாலைகள் வந்தன, இன்னொரு பக்கம் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு மனை வேண்டும். சமதரை எல்லாம் விற்றுத் தீர்ந்ததும் மனைகள் குன்றுகளின் மேல் ஏற ஆரம்பித்தன. எங்கள் பக்கத்துக் குன்றுகள் ஊட்டி மாதிரி பெரியவை இல்லை. பாறையும் முள்ளும் குரங்குமாக ஊருக்கு ஊர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதனாலேயே யாரும் அவற்றை மலை என்று மதிக்கவில்லை.

காகிதத்தில் மலையே கிடையாது, அதுதான் வேடிக்கை. சர்வே வரைபடத்தில் எல்லாம் தட்டை. நகரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து லேஅவுட் போடுகிறவர், அந்த இடத்தை ஒருநாளும் பார்க்காமல், கட்டம் கட்டமாகக் கோடு இழுத்துவிடுவார். சாலை நேராகப் பாறைமேல் ஏறும். ஒரு மனை முழுக்க ஒரே பாறை உருண்டையாக இருக்கும். ஒருமுறை, மனை வாங்கிய ஆசிரியர் ஒருவர் தன் மனையைக் காட்டச் சொல்லி வந்தார். அண்ணாந்து காட்ட வேண்டியிருந்தது.

சாலைக்குப் போக மிச்சமிருக்கும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு விட வேண்டும், அதைத் தானப் பத்திரமாக ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நிலம் பிரித்து விற்கிறவர், நாங்கள் புரமோட்டர் என்போம், என்ன செய்வார்? விற்கவே முடியாத இடம் எதுவோ அதைப் பூங்கா என்று பச்சை அடித்துவிடுவார். பாறை, பள்ளம், கரடு, எல்லாம் குழந்தைகள் பூங்கா!

இதற்கு ஒரு மனிதர் மருந்து கண்டுபிடித்தார். எங்கள் உதவி இயக்குநர் நடேசன் சார். ஏ.டி. சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். குட்டை உருவம், எப்போதும் அரைக்கைச் சட்டை, குரலை உயர்த்தியதே இல்லை. "முடியாது" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "பார்த்துடலாமே" என்பார். புரமோட்டர்கள் முதலில் இதைக் கேட்டு மகிழ்ந்து போவார்கள்.

அவர் பார்க்கும் முறை இதுதான். தல ஆய்வுக்குப் போகிற நாளில் வீட்டிலிருந்து அடுக்கு டிபன் கேரியர் வரும். காலையில் எல்லையை அளப்போம், சாலை அகலத்தைப் பார்ப்போம். சாப்பாட்டு நேரம் வந்ததும் சார் வரைபடத்தை என்னிடம் வாங்கி, "பூங்கா எங்கம்மா?" என்பார். நான் காட்டுவேன். அங்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேரியரைப் பிரிப்பார். ரசக் கிண்ணத்தை மட்டும் தனியாகத் தரையில் வைப்பார். அவர் மனைவி அதை எப்போதும் தளும்பத் தளும்பத்தான் ஊற்றி அனுப்புவார். ரசம் ஒரு பக்கமாக விளிம்பைத் தொட்டால் அது பூங்கா இல்லை. அவ்வளவுதான் சோதனை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவிக்கே ரசமட்டம் என்றுதானே பெயர். எங்களுடையது மிளகு, சீரகம் போட்டது.

திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு மனைப்பிரிவுக்குப் போனபோது கிண்ணத்தை வைத்த கையை அவர் எடுக்கவில்லை, அதற்குள் அது கிளம்பிவிட்டது. கல்லில் தாவி, முள்ளில் மாட்டாமல், உருண்டு உருண்டு கீழே ஓடியது. புரமோட்டரும் நானும் டிரைவரும் பின்னாலேயே ஓடினோம். முதல் மனையின் எல்லைக் கல்லில் மோதி நின்றது. சார் மேலிருந்தே, சிரிக்காமல், "கிண்ணத்துக்கு இடம் பிடிச்சிருக்கு போல. அங்கயே பூங்கா வெச்சிடலாமே" என்றார். அந்த ஆள் மறுவாரம் திருத்திய வரைபடத்தோடு வந்தார். கூடவே ஒரு புது எவர்சில்வர் கிண்ணமும் கொண்டுவந்தார். கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

அந்தச் செய்தி மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அதனால் வந்ததுதான் நித்யா கேட்ட அந்தப் பச்சைக் கட்டத்தின் வழக்கு.

புரமோட்டர் பாஸ்கர் உள்ளூர்க்காரர். லாரி வைத்திருந்து, ஜல்லி அடித்து, நிலத்துக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. குன்றின் அடியில் இருந்த பட்டா நிலத்தையும் அதை ஒட்டிய பாறைச் சரிவையும் வாங்கி, "மலைத்தென்றல் நகர்" என்று பெயர் வைத்திருந்தார். பாறைமேல் பூங்கா, கீழே தட்டையான இடம் முழுக்க மனை. வழக்கமான வேலைதான். ஆனால் அந்தத் தட்டையான இடத்தின் ஓரத்தில் ஊர் அம்மன் கோயில் இருந்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும், ஆடியில் கூழ் ஊற்றுவதும், ஊர்ப் பெண்பிள்ளைகள் கபடி பழகுவதும், கல்யாணப் பந்தல் போடுவதும் அங்கேதான். அந்த ஊரில் மற்றதெல்லாம் குன்று, ஏரி அல்லது வயல். அங்கே மனை போட்டுவிட்டால் அண்டாவை இறக்கி வைக்கக்கூட ஊருக்கு இடம் இருக்காது.

இதைச் சொல்ல ஊராட்சித் தலைவரின் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட புதிது. சார் அவருக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, ஊர் மழை எல்லாம் விசாரித்துவிட்டு, "தலைவர் எப்ப வருவாங்க?" என்றார். மறுநாள் தலைவரே வந்தார். தனக்கோட்டி. நெற்றியில் பெரிய குங்குமம், தோளில் ரெக்சின் பை, கணவரைவிட இரண்டு மடங்கு சத்தம்.

"சார், எங்கூர்ல தட்டையா கீற எடம் அது ஒன்னுதான். அத்தயும் கல்லு நட்டுட்டா நாங்க பாறை மேலயா கூழு ஊத்துறது? நீயே சொல்லு."

"நிலம் அவர் வாங்கினது இல்லையாம்மா? பூங்கா எங்கேன்னுதான் நாம பேச முடியும்."

"அதான் சார் நானும் சொல்றேன். பார்க்கு அங்க வரட்டும். பார்க்குல கூழு ஊத்தக் கூடாதுன்னு சட்டம் கீதா?"

சார் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு சட்டம் இல்லை என்றேன். ஆய்வுக்கு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அந்த நாளைக் கேட்டதும் தனக்கோட்டியின் முகம் மலர்ந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அன்றைக்கு ஜீப் போய் நின்றபோது பாஸ்கர் மாலை போடாத குறையாக வரவேற்றார். எல்லை அளந்தோம், எல்லாம் சரியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சார் வழக்கம்போல, "பூங்கா எங்கம்மா?" என்றார். நான் பாறையைக் காட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. பாறையில் படி இருந்தது! உளி தெறித்த வெள்ளை இன்னும் போகாத, புத்தம் புதுப் படிகள். மேலே, வேப்ப நிழல் விழும் இடத்தில், பாறையைக் குடைந்து ஒரு மேடை. மேடைக்குச் சாய்மானம், சாய்மானத்தின் இரண்டு பக்கமும் யாளி.

"மாமல்லபுரத்துலேர்ந்து ஆள வெச்சி செஞ்சேன் சார்" என்றார் பாஸ்கர், கையைக் கட்டிக்கொண்டு. "நீங்க சாப்டறதுக்குன்னே."

செய்த சிற்பியும் அங்கேதான் நின்றிருந்தார். சார் மேலே ஏறினார். மேடையைத் தடவிப் பார்த்தார். உட்கார்ந்தார். கேரியரைப் பிரித்து, ரசக் கிண்ணத்தைக் கல்லின் மேல் வைத்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ரசம் கொஞ்சம்கூடச் சாயவில்லை. மேலே மிதந்த கொத்தமல்லித் தழை நடுவிலேயே நின்றது.

"அருமையான மட்டம்யா" என்றார் சார், சிற்பியைப் பார்த்து. மனதாரத்தான் சொன்னார். முழுச் சாப்பாட்டையும் ரசித்துச் சாப்பிட்டு முடித்தார்.

அவருடைய சோதனையாலேயே அவரை மடக்கிவிட்டானே இந்த மனிதன்! எல்லோரிடமும் ஒரே அளவுகோல் வைத்தவர் இவரிடம் மட்டும் மாற்ற மாட்டார் என்று எனக்குத் தெரியும். பாஸ்கருக்கும் அது தெரியும்; அதனால்தான் முகமெல்லாம் பல்லாக நின்றார். அன்றைக்குத்தான் ஊருக்குக் கூழ் ஊற்றும் நாள்; கீழே கோயில் வாசலில் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இனி அடுத்த ஆடிக்கு அந்தச் சத்தம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். மனை கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் மனை வாங்கி வீடு கட்டியவள்தான். ஆனால் வருகிறவர்களுக்கு இடம் உண்டு, இருக்கிறவர்களுக்கு இல்லை என்றால் அது என்ன திட்டமிடுதல்?

அப்போது தனக்கோட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி வந்தார்.

"சாப்டாச்சா சார்? நல்லா கீதா எடம்?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"அப்ப சரி. பார்க்கு இங்கதான்னு ஆயிட்டா எங்க கூழும் இனிமே இங்கதான். இன்னிக்கே ஊத்திடறோம்." கீழே திரும்பிக் கத்தினார். "டேய், அண்டாவத் தூக்கினு வாங்கடா மேல!"

பாஸ்கருக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இன்னாக்கா, வெளையாடறியா? அத்தப் போயி..."

"பார்த்துடலாமே" என்றார் ஏ.டி. சார்.

நாலு பேர் அண்டாவில் கழியைக் கட்டித் தோளில் தூக்கினார்கள். நிறையக் கேழ்வரகுக் கூழ், ஆவி பறந்துகொண்டிருந்தது. முதல் சில படிகள் வந்துவிட்டார்கள். படிகள் ஒருவர் ஏறச் செதுக்கியவை. முன்னால் வந்தவர்கள் மேல் படியிலும் பின்னால் வந்தவர்கள் கீழ்ப் படியிலும் நிற்க, அண்டா பின்பக்கம் சாய்ந்தது. கூழ் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. "புடிடா! புடிடா!" என்று ஊரே கத்தியது. பாஸ்கருக்கு ரோஷம். தன் பூங்கா தோற்கக் கூடாதே. "ஏத்திடலாம் சார், ஒன்னும் இல்ல" என்று தானே இறங்கிப் போய்ப் பின்பக்கம் தோள் கொடுத்தார். அவ்வளவுதான், அகப்பை அகப்பையாகக் கூழ் அந்த வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

பிறகு பாஸ்கரே சிரித்தார் பாருங்கள், குன்று அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "அக்கா, அபிஷேகமே பண்ணிட்டியே!" என்றார். எல்லோரும் சேர்ந்து சிரித்ததில் அண்டா இன்னும் ஆடியது.

"போதும்பா, இறக்குங்க" என்றார் சார். "எங்க இறக்கினா நிக்கும்?"

கேட்கவே வேண்டியதில்லை. அண்டா தானாகக் கீழே போய், அம்மன் கோயில் வாசலில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தது. சாரும் இறங்கி வந்தார். ஒரு முழுச் சாப்பாடு உள்ளே போயிருந்தும், தொன்னையை வாங்கிக்கொண்டு ஊரோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் பாஸ்கர், எதிரே சிற்பி, கபடிக்காரப் பெண்கள், குழந்தைகள். கூழ், வெங்காயம், மாங்காய், கருவாட்டுக் குழம்பு. கும்பகோணத்தில் நான் கருவாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், என் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சார் பாஸ்கர் பக்கம் திரும்பினார்.

"மேல ஒரு தடவை சாப்பிட்டேன், இங்க ஒரு தடவை சாப்பிட்டேன். ரெண்டு இடத்திலயும் ரசம் சிந்தாது. நீங்க சொல்லுங்க பாஸ்கர், ஊரோட சாப்பிட எது தோது?"

பாஸ்கர் வாயில் கூழ். விழுங்கினார். சட்டையைப் பார்த்தார், தனக்கோட்டியைப் பார்த்தார். "இங்கதான் சார்" என்றார்.

"எழுதிக்கோம்மா" என்றார் சார் என்னிடம்.

இப்படி எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றும். என் வேலை அங்கேதான் தொடங்கியது. பாஸ்கர் மறுநாள் காலையிலேயே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். "மேடம், வாய்தவறி சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன். சொன்னது சொன்னதுதான். ஆனா அந்த எடத்துல மனைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். உங்க கல்பாக்கத்து ஆளுங்கதான். அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பூங்காவை நடுவில் வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தேன். பழைய வரைபடத்தில் சாலைகள் குன்றை நோக்கி நேராக ஏறின. அந்தச் சரிவில் பாதி நிலம் சாலைக்கே போயிற்று. நான் சாலையைக் குன்றின் அடியோடு வளைத்துவிட்டேன், கோயிலைச் சுற்றி வரும் பிராகாரம் மாதிரி. மழைத்தண்ணீர் ஏரிக்குப் போகும் ஓடையை அப்படியே சாலையோரமாக விட்டேன். அழித்து, போட்டு, மறுபடி அழித்து, டிரேசிங் துணியே தேய்ந்துபோயிற்று. கடைசியில் பார்த்தால், அட்வான்ஸ் கொடுத்த எல்லோருக்கும் மனை வந்தது. அதிலும் பூங்காவைப் பார்த்த மனைகள் முன்பைவிட அதிகம். வாழ்க்கையில் அன்றைக்குப் போல் நான் என் வேலையை நினைத்துப் பூரித்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

"வளைஞ்ச ரோடு, பார்க் ஃபேசிங்" என்று பாஸ்கர் விளம்பரம் போட்டு முதலில் அவற்றைத்தான் விற்றார். பாறையை யாருக்கும் விற்க முடியாது என்பதால் அதையும் சேர்த்தே ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தார். "அக்கா, அந்த யாளி என் செலவு, அதுக்கு மட்டும் என் பேரப் போடு" என்று தனக்கோட்டியிடம் கேட்டாராம். "நீ போட்டுக்கினா போட்டுக்க, நான் இன்னா வாணாம்னா சொல்றேன்" என்று பதில். இருவரும் அதன் பிறகு ரொம்ப சிநேகம்.

சார் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டார். நான் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டேன், கண்ணாடி மாற்றினேன், ஓய்வு பெற்றேன்.

இதையெல்லாம் எழுதி முடித்தும் நித்யாவுக்கு அனுப்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வழியெல்லாம் ரசக் கதையைச் சொல்லிக்கொண்டே மலைத்தென்றல் நகருக்கே போனோம். சுற்றிலும் மாடி வீடுகள், ஐடி கம்பெனிப் பிள்ளைகளின் கார்கள், பால்கனிகளில் காயும் துணி. நடுவில் அந்த இடம். ஒரு பக்கம் ஊர்ப் பெண்களும் மாடி வீட்டுப் பெண்களும் கலந்து கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாறை மேடையில் யாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேர் உரக்கப் பாயிண்ட் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்த ஒரு பெண்மணி கோட்டுக்கு வெளியே நின்று, "கால வுடாத, கால வுடாத!" என்று கத்திக்கொண்டிருந்தார். தனக்கோட்டியேதான். என்னைப் பார்த்ததும், "இன்னா மேடம், கருவாடு கொண்டாரட்டா?" என்றார். நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தரையில் உட்கார்ந்தோம். திருச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். எங்கே இருக்கிறேன் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அந்தப் பழைய, உயராத குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரசம் எப்படிம்மா இருக்கு?"

நித்யா தன் டப்பாவைத் திறந்து புல்லில் வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்தோம்.

"நேரா இருக்கு சார்" என்று அவளே போனில் கத்திச் சொன்னாள்.

"அப்ப சாப்பிடுங்க" என்றார்.